உருவி வந்த தையல்

என் தம்பியைப் போல ஓர் அறிவுக்கொழுந்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மூக்கின் நடுச்சுவர் வளைந்து, ஒரு பக்கம் மூச்சே போகாமல் வருஷக்கணக்காகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தவன். அவனுக்கு ஆபரேஷன் செய்து அதை நேராக்கியவள் நான்தான்.

எங்கள் பெரிய டாக்டர் இந்த ஆபரேஷன் முடிந்ததும் இரண்டு துவாரத்திலும் துணியைத் திணித்து அடைத்துவிடுவார். வாயால் மூச்சு விட்டுக்கொண்டு நோயாளிகள் படும் பாடு சொல்லி மாளாது. துணியை உருவும்போது வாட்டசாட்டமான ஆம்பிளைகளே அலறுவார்கள். துணியே வேண்டாம், சுவரையும் இருபுறச் சவ்வையும் சேர்த்து, கரையும் நூலால் மெத்தை தைப்பது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தைத்துவிட்டால் ரத்தம் தேங்க இடமிருக்காது என்று அவரிடம் மன்றாடி என் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனது. கடைசியில் இறங்கி வந்தார்.

"ஒருத்தருக்குப் பண்ணிக் காட்டும்மா. சரியா வந்தா வார்டு முழுக்க மாத்திக்கலாம்."

சொன்ன பேச்சைக் கேட்பான் என்று தம்பியைப் பிடித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தையல் அருமையாக விழுந்தது. மூக்குப் பக்கம் கையே போகக் கூடாது என்று அவனிடம் படித்துப் படித்துச் சொன்னேன். மண்டையை மண்டையை ஆட்டினான்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் உள்ளே ரத்தம் கட்டி, சுவர் இரண்டு பக்கமும் புடைத்திருந்தது. நூலைக் காணோம்.

"என்னடா பண்ணித் தொலைச்ச?"

"நூல் முனை குறுகுறுன்னு உறுத்துச்சுக்கா. லேசாத்தான் இழுத்தேன். அது பாட்டுக்கு வந்துக்கிட்டே இருந்துச்சு."

"வந்தா நிறுத்த வேண்டியதுதானே?"

"பாதியில விட்டா அசிங்கமாத் தொங்குமேக்கா."

கட்டிய ரத்தத்தை அப்படியே விட்டால் சுவர் அழுகி மூக்கே உட்கார்ந்துவிடும். திரும்ப மேஜையில் ஏற்றி, ரத்தத்தை எடுத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தைத்தேன். பெரிய டாக்டர் பக்கத்தில் வந்து நின்று குனிந்து பார்த்தார்.

"தையல்ல ஒரு குறையும் இல்லம்மா" என்றார். திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். "ஆனா இங்க வர்றவங்க எல்லாருமே உன் தம்பிதான்."

துணியை என் கையில் கொடுத்தார். என் கையாலேயே அடைத்தேன்.

வார்டுக்குத் திரும்பினால், நாளைக்கு இதே ஆபரேஷனுக்காகக் காத்திருந்த பெண் தம்பியின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், எனக்குத் துணி வைக்க மாட்டீங்கல்ல? நீங்கதானே சொன்னீங்க?"

எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. அவள் முகத்தைப் பார்க்காமலேயே பதில் சொன்னேன்.

"வைப்போம்மா."