ஹெர்பர்ட்டிடம் மிஞ்சிய சொல்

கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் யார் யாரைப் பாட வைக்கலாம் என்று நான் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தபோது, அட்டெண்டர் மஞ்சுநாத் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "மேடம், ஹெர்பர்ட் அங்கிள் ஹாடு ஹேள்தா இதாரே" என்று கன்னடத்தில் சொன்னார். ஹெர்பர்ட் அங்கிள் பாடுகிறாராம். நான் நம்பவில்லை. வைட்ஃபீல்டில் இருக்கும் எங்கள் முதியோர் இல்லத்துக்கு அவர் வந்து ஒன்பது மாதம் ஆகிறது. பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. இரண்டு வருடமாக அவர் வாயில் வருவது ஒரே ஒரு சொல்தான்: 'வீணா'. தண்ணீர் வேண்டுமென்றாலும் வீணா, தோள் வலித்தாலும் வீணா, டிவி சத்தம் அதிகமென்றாலும் வீணா. அவர் இழுக்கிற விதத்தை வைத்து நர்ஸுகள் என்ன வேண்டும் என்று கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

நான் இங்கே ஆக்டிவிட்டி கோஆர்டினேட்டர். பொங்கல், உகாதி, ரம்ஜான், தீபாவளி என்று எது வந்தாலும் நாற்பது முதியவர்களை ஹாலுக்குக் கூட்டி வந்து இரண்டு மணி நேரம் சிரிக்க வைப்பது என் வேலை. ஹெர்பர்ட் அங்கிள் எதிலும் சேர்ந்ததில்லை. தம்போலா விளையாட்டில் எண் சீட்டைக் கையில் கொடுத்தால் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார். அன்றைக்கு ஹாலில் யாரோ போனில் ஒரு பழைய தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனையைப் போட்டிருக்கிறார்கள். நான் போய்ப் பார்க்கும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு, அடித்தொண்டையில், ஒரு எழுத்து பிசகாமல் பாடிக்கொண்டிருந்தார். பல்லவி, சரணம், திரும்பவும் பல்லவி. பாட்டு நின்றதும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "வீணா" என்றார்.

யாரையும் கேட்காமல் வீடியோ எடுத்து அவர் மனைவி டோரீன் ஆன்ட்டிக்கு அனுப்பினேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

டோரீன் ஆன்ட்டி வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை மட்டும் மகள் ஆஷ்லியின் காரில் வருவார். மறுநாள் புதன்கிழமை, அல்சூரிலிருந்து தனியாக மெட்ரோ பிடித்து, முட்டி வலியோடு படியேறி இறங்கி வந்துவிட்டார். எழுபத்திரண்டு வயது. சர்ச் பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். புடவையில் ஒரு சுருக்கம் இருக்காது. நான் பாட்டைப் போட்டேன். அங்கிள் பாடினார். ஆன்ட்டி உட்காரவில்லை. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு முழுப் பாட்டையும் நின்றே கேட்டார். முடிந்ததும் அவர் முன்னால் குனிந்து, "நான் யாரு, சொல்லுங்க" என்றார். அங்கிள் உதட்டை ஒருமுறை ஈரப்படுத்திக்கொண்டு அதே சொல்லைச் சொன்னார்.

பிறகு என் அறையில் வந்து உட்கார்ந்தார்.

"முட்டி வலியால பார்த்துக்க முடியாமத்தான் இவர இங்க சேர்த்தேன்னு எல்லாரும் நெனச்சிட்டிருக்காங்க லவினா. முட்டி வலி எனக்கு இருபது வருஷமா இருக்கு."

கொடுத்த டீயை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"நாப்பத்தி ஆறு வருஷம். டோரீன் டோரீன்னு நாள்ல எத்தன வாட்டி கூப்பிட்டிருப்பாரு. அது போயிருச்சு. இது நின்னிருக்கு. யாருங்க வீணான்னு கேட்டா, வீணாங்கிறாரு. எங்க சொந்தத்துல அப்படி ஒரு பேரு கிடையாது. இவர்கூட ஃபேக்டரில வேல செஞ்சவங்களக் கேட்டேன், வெக்கத்த விட்டுட்டு. யாருக்கும் தெரியல. தெரிஞ்சும் சொல்லலையோ என்னவோ."

ஆஷ்லி சொல்வது வேறாம். அப்பா எந்நேரமும் வீணா லைட் எரியுது, வீணா தண்ணி போகுது என்று கத்துகிறவர்; அந்தச் சொல்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பாளாம். டாக்டரும் அதற்கு அர்த்தமே தேட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். நானும் அதையே சொன்னேன். ஆன்ட்டி இல்லையென்று தலையாட்டினார்.

"லைட்டுக்குக் கத்துறவரு அப்படியா சொல்வாரு? காது கொடுத்துக் கேளும்மா. கூப்பிடற மாதிரி இருக்கு."

அதற்குப் பிறகு எனக்கும் அது அப்படித்தான் கேட்க ஆரம்பித்தது.

அடுத்த நாள் ஆன்ட்டி ஒரு யோசனையோடு வந்தார். பாட்டில் எல்லா வார்த்தையும் வருகிறதே, அப்படியானால் பாட்டுக்குள் தன் பெயரை வைத்தால்? பல்லவி முடிகிற இடத்தில் ஆண்டவரைக் கூப்பிடுகிற ஒரு சொல் வரும். விரல் விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறார். அந்த இடத்தில் 'டோரீனே' சரியாக உட்காருகிறது. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தப்புதான். ஆண்டவர் பேரு இருக்கற எடம். ஒரு வாட்டிதானே, மன்னிச்சிக்குவாரு."

வாரம் இரண்டு நாள் வரும் ஸ்பீச் தெரபிஸ்ட் மகாவிடம் கேட்டேன். பாட்டு மூளையின் வேறு பக்கத்தில் இருக்கிறது, பழகியது மட்டும்தான் அப்படியே வரும், புதுச் சொல்லை நுழைப்பது கஷ்டம் என்றார் அவர். இடது கையில் தாளம் தட்டிக்கொண்டே மெதுவாகச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள், ஆனால் ஆன்ட்டிக்கு ரொம்ப நம்பிக்கை கொடுக்காதீர்கள் என்றும் சொன்னார். முதல் பாதியை ஆன்ட்டியிடம் சொன்னேன். இரண்டாம் பாதியைச் சொல்லவில்லை.

ஆன்ட்டி பதினோரு நாள் வந்தார். ஹாலில் மற்றவர்கள் காகித நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருக்க, ஒரு மூலையில் அங்கிளின் இடது பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் கையைத் தன் மடியில் வைத்துத் தட்டிக்கொண்டே இருப்பார். பாட வராத குரல் ஆன்ட்டிக்கு. அதனால் பாட்டைப் போனில் வைத்துவிட்டு, அந்த இடம் வரும்போது மட்டும் நிறுத்தி, தன் பெயரைத் தானே சொல்லுவார். டோ, ரீ, னே. தன் பெயரை இப்படி நூறு முறை, இருநூறு முறை உரக்கச் சொல்வது ஒரு மனுஷிக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே நான் பலூன் கணக்குப் பார்த்தேன். அங்கிள் அவர் வாயையே பார்ப்பார். இரண்டு முறை அந்த இடத்தில் அவர் நாக்கு தடுமாறி நின்றது. நின்றதே பெரிய விஷயம் என்று ஆன்ட்டி எனக்குப் போன் பண்ணினார். நான் நிகழ்ச்சியை அதற்கேற்றபடி மாற்றினேன். ஆறு பேர் சேர்ந்து பாடும் கொயர். அந்த ஒரு இடத்தில் மற்ற ஐந்து பேரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும், அங்கிள் குரல் மட்டும் வர வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்தேன்.

இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலம் நான்கு மணி. ஹால் நிறையக் குடும்பங்கள், பேரப் பிள்ளைகள், பிளம் கேக் வாசனை. கிறிஸ்துமஸ் தாத்தாவாக வந்த கணக்காளர் தினேஷின் தாடி பாதி கழன்று எல்லோரும் சிரித்தார்கள். டோரீன் ஆன்ட்டி முதல் வரிசையில், கல்யாண நாளுக்குக் கட்டும் பச்சைப் பட்டில் இருந்தார். ஆஷ்லி பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் முழங்கையைப் பிடித்திருந்தாள். கீபோர்டு ஆரம்பித்தது. அங்கிள் முதல் அடியிலிருந்தே மற்றவர்களைத் தூக்கிக்கொண்டு போனார். சரணம் முடிந்து பல்லவி திரும்பியது. ஐந்து பேரும் நிறுத்தினார்கள். கீபோர்டும் நின்றது. ஆன்ட்டி தன்னையறியாமல் வாயைக் குவித்து 'டோ' என்று வைத்துக்கொண்டிருந்தார்.

அங்கிள் ஆண்டவர் பெயரைப் பாடினார். தெளிவாக, நிறைவாக, இத்தனை வருடம் எப்படிப் பாடினாரோ அப்படி.

ஹாலே எழுந்து கைதட்டியது. ஆன்ட்டியும் தட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தார்.

கேக் கொடுக்கும் நேரத்தில் அங்கிள் சக்கர நாற்காலியிலிருந்து இடது கையை நீட்டி ஆன்ட்டியின் முந்தானையைப் பிடித்து இழுத்தார். முகமெல்லாம் சந்தோஷம், கண்ணில் தண்ணீர். "வீணா" என்றார். "வீணா, வீணா."

என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "ஆன்ட்டி, உங்களத்தான் அப்படிக் கூப்பிடறாரு" என்றேன்.

"தெரியுது லவினா. என்னத்தான் கூப்பிடறாரு." முந்தானையை விடுவித்துக்கொள்ளாமலே சொன்னார். "அந்தப் பேர்ல."

நான் மன்னிப்புக் கேட்டேனா, கேட்க நினைத்தேனா என்று இப்போது ஞாபகமில்லை. யாரோ ஒரு குடும்பம் குரூப் போட்டோ எடுக்கக் கூப்பிட்டது, போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஹால் பாதி காலி. மஞ்சுநாத் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார். ஆஷ்லி காரை எடுத்து வரப் போயிருந்தாள். கீபோர்டைக் கூட உறையில் போட்டுவிட்டார்கள்.

பழக்கிக்கொண்டிருந்த அதே மூலையில், அங்கிள் பக்கத்தில் உட்கார்ந்து டோரீன் ஆன்ட்டி பாடிக்கொண்டிருந்தார். அதே பாட்டில்லை, வேறொன்று. சுருதி இல்லாத, மேலே போனால் கீச்சிடுகிற குரல். பெயர் எதையும் மாற்றாமல், உள்ளபடியே பாடினார். அவர் பாடப் பாட அங்கிளும் பாட்டுக்குள் வந்துவிட்டார். அவர் குரலைக் கேட்பதற்காக ஆன்ட்டி நிறுத்தினார். அங்கிளும் இரண்டு சொல் தாண்டி நின்றுவிட்டார். ஆன்ட்டி மறுபடி ஆரம்பித்தார், அவரும் சேர்ந்தார். ஆன்ட்டி நிறுத்தினார், அவரும் நின்றார். மூன்றாவது முறை ஆன்ட்டி நிறுத்தவில்லை. மடியில் போன் அடித்துக்கொண்டே இருக்க, மூச்சு வாங்கிக்கொண்டு, தன் குரலுக்கு அடியில் கேட்கும் அந்தக் குரலுக்காகத் தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி, அடுத்த சரணத்துக்குப் போனார்.