விளக்குக்காரனின் கடைசிக் கதவு

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஒரு கம்பளக் கடைக்கு மேலே இரண்டு அறைகள், அதுதான் எங்கள் கம்பெனி. முதலாளி பாரி த்வெய்ட், கம்ப்யூட்டர் விளையாட்டு எழுதுகிற நைஜல் ஓல்ட்ராய்ட், போனும் கடிதமும் பார்க்கிற நான். என் பெயர் க்ளெனிஸ்.

எண்பத்தைந்தில் 'விளக்குக்காரன்' என்ற விளையாட்டை வெளியிட்டோம். கேசட்டைப் போட்டால் வீட்டுக் கம்ப்யூட்டர் ஐந்து நிமிஷம் கீச்சிட்டுவிட்டுத்தான் விளையாட்டைத் திறக்கும். 'வடக்கே போ', 'விளக்கை எடு' என்று தட்டித்தட்டி முகமூடிபோட்ட நாயகனை ஊர் முழுக்க நடத்த வேண்டும். கடைசிக் கதவு திறந்தால் ஊருக்கு வெளிச்சம் வரும்.

மாட்டிக்கொண்டவர்கள் எங்களுக்குப் போன் செய்வார்கள். யாருக்கும் விடை சொல்லக் கூடாது என்பது பாரியின் சட்டம். "வழி இருக்கு, மறுபடி பாருங்க." கிளிப்பிள்ளை மாதிரி நானும் அதையே சொன்னேன், எழுதினேன்.

கிளிஃபர்ட் ஸ்டெய்ன்தோர்ப் வாராவாரம் கூப்பிடுவார். எஃகு ஆலையில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர், ஆலை மூடியதும் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். கம்ப்யூட்டர் பயிற்சி வகுப்பில் அவருக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

"இந்தக் கதவைத் திறந்துட்டாப் போவேன் கண்ணு. ஒரு விளையாட்டையே முடிக்கத் தெரியாதவன் அங்க போய் என்னத்தக் கிழிக்கப் போறான்?"

"மறுபடி பாருங்க சார்," என்றேன்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் நைஜல் பேயறைந்த முகத்தோடு வந்து நின்றான். கடைசிக் கதவுக்கு ஆறு விளக்கு வேண்டும். ஆனால் நாயகன் ஒரு நேரத்தில் ஐந்து பொருள்தான் தூக்குவான். அங்கே போகிற பாலமோ பின்னாலேயே இடிந்துவிடும், இரண்டு நடை போக முடியாது.

"முதல்ல ஆறுதான் வெச்சிருந்தேன். கஷ்டமா இருக்கட்டும்னு கடைசி வாரம் அஞ்சாக்கினேன்."

"விளையாடிப் பாக்கலையா?" என்றேன்.

"என் ரகசிய வார்த்தையை அடிச்சா ஆறு விளக்கோட நேரா கதவு முன்னாடி போய் நிப்பேன். எப்பவும் அப்படித்தான் பாத்தேன்."

ஊருக்கெல்லாம் நடந்து போகச் சொல்லிவிட்டு இவன் மட்டும் குதித்துப் போயிருக்கிறான். பாரி நிதானமாகத் தேநீர் குடித்தார்.

"அடுத்த கேசட்ல சத்தமில்லாம சரி பண்ணிடு. க்ளெனிஸ், நீ வழக்கமா சொல்றதையே சொல்லு."

மறுநாள் பாரி மதியச் சாப்பாட்டுக்கு இறங்கியதும் கிளிஃபர்டைக் கூப்பிட்டேன்.

"சார், அந்தக் கதவு திறக்காது. தப்பு எங்க மேல. யாராலயும் முடிக்க முடியாது."



"ஆறு விளக்கு, அஞ்சுதான் தூக்குறான். அதுதானே?"

"தெரியுமா?"

"மார்ச்லயே எழுதினேனே கண்ணு. மறுபடி பாருங்கன்னு பதில் போட்டீங்க. சரி, நமக்கு எண்ணக்கூடத் தெரியலன்னு நினைச்சுட்டேன்."

அந்தக் கடிதத்தை முழுதாகப் படித்த ஞாபகம் எனக்கு இல்லை. படித்திருந்தாலும் அதே பதிலைத்தான் போட்டிருப்பேன். அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

"இன்னும் நேரம் இருக்கு சார். வகுப்பு ஆபீஸ் அஞ்சு மணி வரைக்கும் திறந்திருக்கும். போய்க் கையெழுத்துப் போடுங்க."

"நேத்துக் காலையிலேயே போய் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன். பக்கத்துத் தெரு ஆளுக்கு என் இடத்தைக் குடுத்துட்டாங்க," என்றார். பிறகு, "நீ மனசக் கஷ்டப்படுத்திக்காத. சொன்னதே பெருசு," என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

வைத்த கையோடு மணி அடித்தது. லீட்ஸிலிருந்து ஒரு பெண், கடைசிக் கதவில் நிற்கிறாளாம். தனக்கு மூளை போதவில்லை போல என்று சிரித்தாள். பாரி படியேறி வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"உங்க மூளைக்கு ஒண்ணும் இல்லம்மா, விளையாட்டுதான் தப்பு," என்றேன், அவர் காதில் விழும்படியாகவே.