ஹொரேஸுக்கு மேல் ஒரு கண்ணாடி

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. இங்கிலாந்தில், ஆக்ரிங்டன் ஊரில் கிளைவ் ஆர்மராட் வீட்டுக்குள் ஆமை புகுந்து நாற்பத்தாறு வருடமாகிறது. வீடு நன்றாகத்தான் இருந்தது. அந்த ஆமை சாகப் போகிறது என்று தெரிந்த பிறகுதான் மனிதர் உருக்குலைந்து போனார்.

ஆமையின் பெயர் ஹொரேஸ். மனைவி அவ்ரில் ஏழு வயதிலிருந்து வளர்த்து, கல்யாணத்தன்று பெட்டி படுக்கையோடு கொண்டுவந்தது. அவ்ரில் இப்போது வீட்டில் இல்லை. ஞாபகம் அடியோடு கலைந்துபோனதால் செப்டம்பரில் அவளை முதியோர் இல்லத்தில் சேர்த்தாயிற்று. தினமும் மூன்று மணிக்கு கிளைவ் அங்கே போவார். அவளுக்கு அவரை அடையாளம் தெரியாது. ஜன்னலுக்குக் கண்ணாடி போட வந்த ஆள் என்று நினைத்துக்கொள்வாள். அதிலும் பொய்யில்லை. ஐம்பது வருடத்துக்கு முன் அவள் அப்பா வீட்டு உடைந்த ஜன்னலைச் சரிசெய்யப் போனவர்தான் அவர். வாழ்நாள் முழுக்க அதே தொழில்.

"வாப்பா. ஜன்னல் இன்னும் முடியலையா?" என்பாள்.

"கொஞ்சம் பாக்கி இருக்குங்க."

"சில்லு கில்லு கீழ விட்டுடாத. ஹொரேஸ் கால்ல குத்தும். அவன் சாப்பிட்டானா?"

"சாப்பிட்டாங்க."

தங்கையின் பெயர் போயிற்று, சொந்தத் தெருவின் பெயர் போயிற்று, புருஷன் பெயர் எப்போதோ போயிற்று. மிஞ்சியது ஹொரேஸ் மட்டும்தான். அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் கிளைவ் தினமும் அரைமணி நேரம் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஹொரேஸ் போய்விட்டால் அவளிடம் பேச அவருக்கு ஒரு வார்த்தையும் இருக்காது. அது அவருக்குத் தெரியும்.

ஹொரேஸோ சாப்பிட்டுப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

அவ்ரில் இருந்தவரை, நவம்பர் வந்ததும் அவனை எடை போட்டு, காகிதத் துண்டு நிரப்பிய பெட்டியில் வைத்து, குளிர்காலம் முடியும்வரை ஃபிரிட்ஜில் தூங்கவிடுவாள். ஆமை வளர்க்கிறவர்கள் அங்கே செய்வதுதான். கிளைவுக்கு அந்தத் தைரியம் வரவில்லை. பால் புட்டிக்கும் வெண்ணெய்க்கும் நடுவே அவனை வைத்துக் கதவைச் சாத்திவிட்டு எப்படித் தூங்குவது? ஆகவே வீட்டுக்குப் பின்னால் தன் கையாலேயே கட்டிய கண்ணாடி அறையில், வெயில் விழுகிற மூலையில், பக்கத்தில் ஒரு ஹீட்டரோடு விட்டுவைத்தார். பிப்ரவரியில் ஒருநாள் தூக்கியபோது ஓடு கட்டைவிரலுக்கு அமுங்கியது. வெந்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி அமுங்கியது.

ஆமையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் கால்நடை டாக்டர் சாதியா. "இவனுக்கு வெயிலே படலையே."

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? நாள் பூரா வெயில்லதான் கெடக்கறான். கண்ணாடி ரூம்ல."

"அங்கதான் கோளாறு. சூடு வரும், வெளிச்சம் வரும். எலும்புக்கு வேண்டியது மட்டும் உள்ள வராது. உங்க கண்ணாடி அத வெளியவே நிறுத்திடும்."

ஒரு சத்து ஊசி போட்டார். ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்: ஆமைக்கென்று ஒரு மேசை; ஒரு முனையில் சூட்டு பல்ப், அதன் கீழே முப்பத்து மூன்று டிகிரி. மறுமுனை குளிர்ச்சியாக. பக்கத்திலேயே, எலும்புக்கு வேண்டிய அந்த ஒளியைத் தரும் யூவி டியூப், ஆமையின் முதுகுக்கு ஒரு அடி உயரத்தில். பன்னிரண்டு மணி நேரம் எரிய வேண்டும். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மூணு வாரம் பாக்கலாம், மிஸ்டர் ஆர்மராட். தேறலைன்னா ஒரேயடியா தூங்க வச்சிடறதுதான் நியாயம். வலியில இருக்கான்."

வீடு திரும்பும்போது கிளைவின் மனத்தில் வலி என்ற சொல்லைவிட 'உங்க கண்ணாடி' என்ற சொல்தான் உறுத்தியது. ஐம்பது வருடத் தொழில் அல்லவா!

மறுநாளே கூடத்தில் வேலை தொடங்கியது. கூடமாட இருக்க, பழைய வேலைக் கூட்டாளி நெவில் வந்தார். கிளைவ் பலகையை அறுத்து, விளிம்பு தேய்த்து, மண்ணும் மணலும் பரப்பி, பல்பையும் டியூபையும் கம்பியில் தொங்கவிட்டு, நாடாவால் மூன்று தரம் அளந்தார்.

"எம் பொண்டாட்டி ஏழு வருஷமா ஒரு அலமாரி கேக்கறா," என்றார் நெவில். "அடுத்த பிறவியில ஆமையா பொறக்கச் சொல்லணும்."

"வாய மூடிட்டு அந்த ஸ்க்ரூவ குடு."

"இருபத்தெட்டா, முப்பதா?" என்று தெர்மாமீட்டரைக் குனிந்து பார்த்தார் நெவில்.

"முப்பத்திமூணு! தெர்மாமீட்டர ஒழுங்கா பாருய்யா. கண்ணு இருக்கா, வெறும் முகமா?"

எல்லாம் சரியாகவே அமைந்தது. அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பூனை வந்தது. சூடு கண்ட பூனை சும்மா இருக்குமா? மேசை மேல் ஒரே தாவல்; டியூப் ஊஞ்சலாடியது. கிளைவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. உடைந்து விழுந்தால் சில்லு முழுக்க ஹொரேஸ் மேல்தான். அவ்ரில் தினமும் எதைச் சொல்லி எச்சரிக்கிறாளோ அதுவே நடந்துவிடும்.

பின்கட்டுக்குப் போனார். விளக்குகளுக்குக் கீழே, மேசை முழுவதையும் மூடும்படி மெல்லிய வெறும் கண்ணாடி ஒன்றை அறுத்து, காற்றுக்கு ஓரங்களில் இடம் விட்டுச் சட்டம் போட்டுப் பொருத்தினார்.

நெவில் தலையைச் சொறிந்தார். "டாக்டரம்மா கண்ணாடி ஆகாதுன்னாங்களாமே?"

"அது அந்த ரூம் கண்ணாடி. ரெட்டைக் கண்ணாடி, அதுல பூச்சு இருக்கு. கம்பளம் வெளுக்கக் கூடாதுன்னு அடிக்கற பூச்சு. தடுக்கறது அதுதான். இது வெறுங்கண்ணாடி, படத்துக்குப் போடறது. இதுல எது நிக்கும்? அந்தம்மாவுக்கு ஆமை தெரியும், கண்ணாடி தெரியுமா?"

ஊரில் வேறு யாராக இருந்தாலும் ஒரு கம்பி வலையை வாங்கிப் போட்டு வேலையை முடித்திருப்பார்கள். கண்ணாடியை இவ்வளவு தெரிந்த ஒருவருக்குத்தான் இந்தப் புத்தி வரும். தெர்மாமீட்டரும் அவர் பக்கமே சாட்சி சொன்னது. கண்ணாடியைத் தாண்டியும் முப்பத்து மூன்று டிகிரி அப்படியே நின்றது. வேலியே பயிரை மேய்வது அவருக்கு எப்படித் தெரியும்?

முதல் வாரம் போயிற்று. கால்வாய்க் கரையில் மண்டியிட்டு, பனிக்கு அடியில் தப்பியிருந்த டேண்டலியன் இலைகளைத் தேடிக் கிள்ளி வந்தார். ஹொரேஸ் முகரக்கூட இல்லை. இரண்டாவது வாரம் பின்னங்கால்கள் இரண்டும் செயலற்றுத் துவண்டன. மூன்றாவது வாரம் கண் திறப்பதையே நிறுத்திவிட்டான். கிளைவ் மேசைக்குப் பக்கத்திலேயே சாப்பிட்டார், அங்கேயே செய்தித்தாள் படித்தார், "செத்துடாதடா, செத்துடாத" என்று வாய்விட்டுக் கெஞ்சினார். வெந்நீரில் உட்கார வைத்தால் தலை தண்ணீரில் தொங்கியது. வியாழக்கிழமை டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.

புதன்கிழமை மூன்று மணிக்கு அவ்ரில் வழக்கம்போலக் கேட்டாள். "ஹொரேஸ் சாப்பிட்டானா?"

இந்தத் தடவை பொய் வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் போனில் இருந்த படத்தை எடுத்து நீட்டினார். மேசை, மண், விளக்கு, கண்ணாடியின் பளபளப்பு, கீழே ஹொரேஸ்.

அவ்ரில் போனைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனாள். நெற்றி சுருங்கியது.

"இவன் மேல எதுக்குக் கண்ணாடி?"

"பூனைக்காகங்க. வெறுங்கண்ணாடிதான், பூச்சு இல்..."

"வெறுங்கண்ணாடியாவது வெங்காயமாவது! எந்தக் கண்ணாடியா இருந்தாலும் அது உள்ள போகாது. லைட்டுக்கும் அவனுக்கும் நடுவுல காத்துதான் இருக்கணும். எத்தன தடவ சொல்றது கிளைவ், ஒன்னோட கண்ணாடிப் பைத்தியத்த அவன்கிட்ட காட்டாதேன்னு!"

கிளைவ் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். ஒன்றரை வருடமாக அவள் வாயிலிருந்து கேட்காத பெயர்.

"அவ்ரில்?" என்றார். "அவ்ரில், நான்தான்டி."

அவள் போனை மடியில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மழை வரும் போல. சீக்கிரம் முடிச்சிட்டுப் போப்பா," என்றாள்.

வீட்டுக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. கோட்டைக் கழற்றாமலேயே சட்டத்தைப் பிடுங்கினார். ஒட்டுப்பசை விடவில்லை, இழுத்த இழுப்பில் கண்ணாடி உள்ளங்கையைக் கிழித்தது. இரத்தம் சொட்டும் கையோடு அதைக் கொல்லைப்புறச் சுவரில் சாத்திவிட்டு, அதைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினார். பிறகு டாக்டருக்குப் போன் செய்தார்.

"தப்பு என்னோடதும்மா. மூணு வாரமும் அவன் இருட்டுலதான் இருந்திருக்கான். இன்னொரு மூணு வாரம் குடுங்க. கால்ல வேணா விழறேன்."

"கால்ல எல்லாம் விழ வேணாம்," என்றார் சாதியா. "நாளைக்குக் கொண்டாங்க. சத்து ஊசி போட்டுப் பாக்கலாம்."

கண்ணாடி இருந்த இடத்தில் கோழிக்கூட்டு வலை வந்தது. நெவில் வந்து அதன் முனைகளை முறுக்கிக் கொடுத்தார். பத்தாவது நாள் ஒரு கண் திறந்தது. பதினாறாவது நாள் தலையை இழுத்துக்கொள்ளும் வலு வந்தது. பத்தொன்பதாவது நாள், மார்ச் மாதத்தில் ஒரு காலை, ஹொரேஸ் இலையைக் கவ்வி, இழுத்து, கிழித்து, மென்றான். எழுபத்தோரு வயது மனிதர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அன்று மூன்று மணி வரை அவரால் காத்திருக்க முடியவில்லை. பெட்டியில் வெந்நீர்ப் பையை வைத்து, அதன்மேல் துண்டு விரித்து, ஹொரேஸை உட்கார வைத்து, பதினோரு மணிக்கே போய்விட்டார்.

"சாப்பிட்டாங்க!" என்றார் வாசலிலிருந்தே. "நெஜமாவே சாப்பிட்டான்!"

அவ்ரில் திரும்பினாள். "யாரு?"

"ஹொரேஸ்." மடியில் எடுத்து வைத்தார்.

அவள் ஓட்டின் மேல் ஒரு விரலை வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள். "கல்லாப்பா இது? அசையுதே."

கடைசி நூலும் அறுந்துவிட்டது. கிளைவுக்கு அந்தக் கண்ணாடி ஞாபகம் வந்தது, மூன்று வாரம் ஞாபகம் வந்தது. இருபது நாள் முன்னால் இதே ஹொரேஸைக் கொண்டு வந்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். அந்த இருபது நாளை அவரேதான் அறுத்து, அளந்து, சட்டம் போட்டு மூடினார்.

"ஆமைங்க," என்றார் மெல்ல. "பேரு ஹொரேஸ். இவன் மேல கண்ணாடி போடக் கூடாது. லைட்டுக்கும் இவனுக்கும் நடுவுல காத்துதான் இருக்கணும்."

"அப்படியா? பாவம்." அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ யாருப்பா?"

"ஜன்னல் வேலைக்கு வந்தவங்க."

அவ்ரில் ஜன்னலைப் பார்த்தாள். மேலிருந்து கீழே ஒழுங்காகப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு," என்றாள்.

ஹொரேஸ் கழுத்தை நீட்டி அவள் சட்டைப் பொத்தானைக் கடித்தான். கிளைவ் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குங்க," என்றார்.