பார்சலுக்கு விசா வேண்டாம்

என் தங்கை மருத்துவமனையில் நீராவி எந்திரங்களைப் பழுது பார்க்கிறாள். அறுவை சிகிச்சைக் கத்திகளையும் கத்தரிகளையும் உள்ளே அடுக்கி மூடி, உயர் அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் எந்திரம் அது. பார்ப்பதற்கு ஆள் உயரப் பிரஷர் குக்கர் மாதிரி இருக்கும். அதனால் நர்ஸுகள் அவளுக்கு வைத்த பெயர் குக்கர் டாக்டர். முதலில் கோபித்துக்கொண்டாள். இப்போது போனை எடுத்தாலே “குக்கர் டாக்டர் பேசறேன்” என்கிறாள்.

இந்த எந்திரம் மலைமேல் போனால் ஏமாற்றும். கீழே எந்தக் கோட்டில் அழுத்தம் காட்டும் முள் நின்றால் போதுமான சூடு வருமோ, உயரத்தில் அதே கோட்டில் அந்தச் சூடு வராது. முள் இன்னும் மேலே ஏற வேண்டும். புத்தகத்தில் உள்ள விஷயம்தான். ஆனால் மலைமேல் எந்திரத்தை ஓட்டுகிறவர்கள் கையில் அந்தப் புத்தகம் இல்லை. என் தங்கை ஒரு தகரத் தட்டு செய்தாள். இத்தனை உயரத்துக்கு முள் இங்கே நிற்க வேண்டும் என்று பச்சைக் கோடுகள் போட்டு, எந்திரத்தின் கழுத்திலேயே மாட்டுகிற மாதிரி. பதினோரு மலை மருத்துவமனைகளில் அது தொங்குகிறது.

அதைப் பற்றி ஒரு மருத்துவ மாநாட்டில் பேசத்தான் அவளை அழைத்திருந்தார்கள். தென் அமெரிக்காவில் ஒரு நாட்டின் தலைநகரம். கடல் மட்டத்துக்கு மேலே இரண்டாயிரத்து எண்ணூறு மீட்டர். ஊர்ப் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. உச்சியூர் என்று வைத்துக்கொண்டோம். தங்குமிடம், சாப்பாடு, அந்த நாட்டு விசா அவர்கள் பொறுப்பு, விமான டிக்கெட் நம் பொறுப்பு என்று கடிதத்தில் இருந்தது. மாநாட்டுக்கு ஐந்து வாரம் இருந்தது.

டிக்கெட் ஏஜென்ட் சொன்ன விலை, அவள் சேர்த்து வைத்திருந்ததைப் போல் இரண்டு மடங்கு. அவள் அழைப்பை மடித்து உறையில் போட்டாள். “நான் வெறும் மெக்கானிக்தானே, நான் போகலைன்னா அங்க யாரு தேடப் போறாங்க” என்றாள். அந்த வார்த்தைதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மாப்பிள்ளை, அதாவது அவள் கணவர், பஸ் டிரைவர். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை போனைத் தட்டித் தட்டி விலை பார்த்தார். பார்க்கப் பார்க்க ஏறியது. “மச்சான், நேர் பஸ் ஒண்ணுகூட கிடையாதா?” என்று என்னைக் கேட்டார். கிடையாது. குறைந்தது மூன்று விமானம் ஏறி இறங்க வேண்டும்.

நான் பார்சல் அலுவலகத்தில் அனுப்புதல் பிரிவில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். எங்கள் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. சுற்றி வளைத்துப் போக வேண்டிய பார்சல் வந்தால், புறப்படும் ஊரிலிருந்து வழி தேட மாட்டோம். இறங்கும் ஊரிலிருந்து பின்னோக்கி வருவோம். கடைசி வண்டி எது, அது எங்கிருந்து வருகிறது, அங்கே போய்ச் சேர என்ன வழி என்று. உச்சியூருக்கும் அப்படியே செய்தேன். அங்கே எந்தெந்த ஊர்களிலிருந்து விமானம் இறங்குகிறது என்று எழுதினேன். அவற்றில் அதே நாட்டின் கடலோரத் துறைமுக நகரம் ஒன்றிலிருந்து தினமும் சின்ன விமானம், மலிவு. அந்தத் துறைமுகத்துக்குச் சமுத்திரம் தாண்டி ஒரு பெரிய விமான நிலையத்திலிருந்து செவ்வாய்க்கிழமை விமானத்துக்கு மட்டும் சலுகை. அந்தப் பெரிய நிலையத்துக்கு நம்மிடமிருந்து போகத்தான் எத்தனையோ விமானம் உண்டே. திரும்பி வரவும் அதே வழி. தனித்தனி டிக்கெட்டாக வாங்கினால், மொத்தம் ஏஜென்ட் சொன்னதில் பாதிக்கும் கொஞ்சம் கீழே நின்றது. வெள்ளிக்கிழமை வரை அந்த விலை என்று போட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகப் படிவம் மாதிரியே கட்டம் போட்டு, நேரம் எழுதி, அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். மாப்பிள்ளை எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவள் மட்டும் எந்திரத்தின் முள்ளைப் பார்ப்பது போல் விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக வந்தாள். நடுவில் நின்றாள்.

“அண்ணே, இந்தப் பெரிய நிலையத்துல நாலு மணி நேரம். இந்த நேரத்துல நான் எங்க இருப்பேன்?”

“மாறுற இடத்துல.”

“ஒரே டிக்கெட்டா இருந்தா சரி. தனித்தனி டிக்கெட்டுன்னா பெட்டியை வெளியில போய் வாங்கி, மறுபடியும் போடணும். வெளியில போறதுக்கு அந்த நாட்டு விசா வேணுமே.”

அந்த நாட்டு விசாவுக்கு ஆறு வாரம் ஆகும் என்று அப்போதே போனில் பார்த்துச் சொன்னார் மாப்பிள்ளை. எங்களிடம் ஐந்து வாரம்கூட முழுசாக இல்லை. பார்சல் என்றால் நான்கு மணி நேரம் கிடங்கில் கிடக்கும். யாரும் அதன் பாஸ்போர்ட்டைக் கேட்க மாட்டார்கள். பத்தொன்பது வருடப் புத்தி, கூடப் பிறந்தவளையும் கிடங்கில் போட்டுவிட்டது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“என் நெத்தியில ஸ்டாம்ப் ஒட்டலையே, அதுவரைக்கும் சந்தோஷம்.”

சிரித்து முடித்தபின் அவளே கேட்டாள், பெட்டியே இல்லாமல் கைப்பையோடு போனால் வெளியே போக வேண்டிய அவசியம் என்ன என்று. கைப்பைக்கு ஏழு கிலோதான் அனுமதி. ஆனால் மேடையில் காட்ட அவள் கண்ணாடி முகப்பு வைத்துச் செய்திருந்த சின்ன மாதிரி எந்திரம் மட்டுமே ஒன்பது கிலோ. அது இல்லாமல் தகரத் தட்டை எதில் மாட்டிக் காட்டுவது? மாப்பிள்ளை அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு இறக்கி வைத்தார்.

“அதைப் பார்சல்ல போடு,” என்றேன் நான்.

எங்கள் அலுவலகத்தில் ஊழியர் ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒரு பார்சலைப் போகவும் வரவும் சலுகையில் அனுப்பலாம். நான் ஒரு வருடம்கூட அதைத் தொட்டதில்லை. அனுப்ப வேண்டியவர்கள் எனக்கு எந்த ஊரிலும் இருந்ததில்லை.

அன்றே, பெரிய நிலையத்திலிருந்து சமுத்திரம் தாண்டும் விமானக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். கேள்வி இரண்டுக்கு மேல் போனால் எண் போடு என்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பழக்கியிருந்தார்கள். ஒன்று, தனித்தனி டிக்கெட்டில் கைப்பை மட்டும் உள்ளவர் வெளியே வராமலே அடுத்த விமானம் ஏறலாமா. இரண்டு, அதற்கு விசா வேண்டுமா. மூன்று, அந்த விமானத்தில் ஏறும் சீட்டை இங்கேயே எடுத்துக்கொள்ளலாமா. நான்கு, இந்தப் பதிலை நிலையத்தில் காட்டினால் ஏற்பார்களா. திங்கள், செவ்வாய், புதன் பதில் இல்லை. வியாழன் மதியம் வந்தது. என் எண்களையே போட்டிருந்தார்கள். ஒன்று, ஏறலாம். இரண்டு, வேண்டாம். மூன்று, எடுக்கலாம். நான்கு, இந்தக் கடிதத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருக்கவும். அந்தத் தாளை அலுவலகத்தில் நான்கு பேருக்காவது காட்டியிருப்பேன். சாயங்காலமே டிக்கெட் வாங்கினோம்.

சனிக்கிழமை எந்திரத்தைப் பஞ்சில் சுற்றி நானே கட்டினேன். ‘விற்பனைக்கு அல்ல, காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவரப்படும்’ என்று சுங்கப் படிவத்தில் எழுதினேன். பெறுபவர் என்ற இடத்தில் அவள் பெயர், மாநாட்டு முகவரி. அதற்குக் கீழே பதவி என்று ஒரு கட்டம். அவள் எட்டிப் பார்த்து, “மெக்கானிக், இரண்டாம் நிலைன்னு போடு” என்றாள். நான் ‘பேச்சாளர்’ என்று எழுதினேன்.

“பொய் சொன்னா சுங்கத்துல பிடிப்பாங்க.”

“பிடிக்கட்டும். மேடையில ஏறிப் பேசிக் காட்டு, விட்டுடுவாங்க.”

உச்சியூரில் மூச்சு வாங்கும், பேச்சைக் குறைத்துக்கொள் என்று மாப்பிள்ளை வழியனுப்பும்போது சொன்னார். “அப்போ உங்களைத்தான் அனுப்பியிருக்கணும், அங்கேயாவது பேச்சு குறைஞ்சிருக்கும்” என்று சொல்லிவிட்டுக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். பெரிய நிலையத்தில் என் கேள்விகளும் அவர்கள் பதிலும் இருந்த தாளை இரண்டு பேர் வாங்கிப் படித்தார்களாம். இரண்டாமவர், இந்தக் கேள்விகளை எழுதியது வக்கீலா என்று கேட்டாராம். அண்ணன் என்று சொல்லியிருக்கிறாள்.

பார்சல் அவளுக்கு ஒரு நாள் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. மாநாட்டின் இரண்டாம் நாள் மேடையில் பேசினாள். மலை நாடுகளிலிருந்து வந்திருந்தவர்கள் தட்டின் அளவுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள், நாற்பது நிமிடத்துக்குக் கொடுத்த இடத்தில் ஒன்றரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டார்கள் என்று மாப்பிள்ளைக்குப் போனில் சொன்னாளாம். அவர் டிப்போவில் பஸ்ஸை நிறுத்தியதும் நேராக என் அலுவலகத்துக்கு வந்து, கவுன்டருக்கு வெளியில் நின்றே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அதைச் சொன்னார்.

மறு வாரம் பார்சல் பெற்றதற்கான ஒப்புகைச் சீட்டு எங்கள் பிரிவுக்குத் திரும்பி வந்தது. வழக்கமாக அதைப் பார்க்காமலே கோப்பில் குத்துவேன். அன்று கையெழுத்துக் கட்டத்தைப் பார்த்தேன். மாநாட்டுக்காரர்கள் பார்சலை வாங்கி வைத்துவிட்டு, சீட்டை அவளே கையெழுத்திடும்படி விட்டிருக்கிறார்கள். பெயருக்குக் கீழே, யாரும் கேட்காத இடத்தில், அந்த ஊரில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தில், கொட்டையாக எழுதியிருந்தாள்: பேச்சாளர்.