பேச அனுமதி கிடைக்காத கவர்னர்

அமெரிக்காவில், எங்கள் வெர்மான்ட் மாநிலத்தில், வருஷா வருஷம் மார்ச்சில் கூடும் ஊர்க்கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊர்க்காரன் எவ்வளவு உளறினாலும் பொறுத்துக்கொண்டு கேட்போம். வெளியாள் வாயைத் திறக்க வேண்டுமானால் கூட்டம் கை தூக்கி அனுமதிக்க வேண்டும். ஓட்டு வாங்கி மாநிலத்தையே ஆளும் கவர்னரானாலும் இதே கதிதான். கூட்டத்தை நடத்துபவள் நான். அந்த மார்ச்சில் கவர்னர் ஹிராம் ஹோல்டன் பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தபோதே இன்றைக்குச் சண்டைதான் என்று தெரிந்துவிட்டது.

அவர் கெட்டவரில்லை. முந்தின ஜூலையில் வெள்ளம் எங்கள் பாலத்தை அடித்துக்கொண்டு போன மறுநாளே வந்து, மெரில் பிக்ஃபோர்டின் மாட்டுக் கொட்டகையில் முழங்கால் சேற்றில் நின்று மண் வாரியவர். அன்றே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. பாலம் வரும் என்று மெரிலிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். குளிர்காலத்தில் மாநிலக் கஜானா காலி என்று தெரிந்தது. இருந்த பணத்தை இடிந்த வீடுகளுக்கு ஒதுக்கினார். எங்கள் பாலத்தை பட்ஜெட்டிலிருந்து வெட்டிவிட்டார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரே பண்ணை மெரிலுடையது. பாலம் இல்லாததால் பால் லாரி மலையைச் சுற்றிக்கொண்டு வந்தது. வரும் கோடையோடு நிறுத்திக்கொள்வோம் என்று லாரிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். லாரி நின்றால் அவன் மாடுகளை விற்றாக வேண்டும்.

கவர்னர் பேச விரும்புகிறார், ஆட்சேபணை உண்டா என்று கேட்டேன். மெரில் எழுந்தான்.

"எனக்கு இருக்கு. இவரு பேசுனத ஏற்கெனவே ஒரு தடவ கேட்டாச்சு."

கை தூக்கச் சொன்னேன். மெரில் பக்கம்தான் ஜெயித்தது. கவர்னர் தன் தாள்களை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். மனுஷன் கடைசி வரிசையில் ஒரு மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் வழக்கம்போல் அடித்துக்கொண்டோம். பழையபடி கூரை போட்ட மரப்பாலம்தான் வேண்டும் என்று பாதிப் பேர் ஒற்றைக் காலில் நின்றார்கள். மாநிலத்திடமும் அதையேதான் கேட்டிருந்தோம். இல்லாவிட்டால் ஊர் அழகு போய்விடுமாம். மதியம் பீன்ஸும் பன்றித்தொடைக் கறியும் சாப்பிட்டோம். கவர்னர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு எங்களோடு நின்று பாத்திரம் துடைத்தார். இனிப்புக்கு வைத்த ஆப்பிள் பலகாரத்தில் இரண்டாம் துண்டு கேட்டார், கொடுத்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகும் அதே கூரைச் சண்டை. மெரிலுக்குப் பொறுக்கவில்லை.

"கூரையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். லாரி தாண்டுற மாதிரி ரெண்டு இரும்பப் போட்டாப் போதும். என் மாடு என்ன, அங்க நின்னு போட்டோவா எடுத்துக்கப் போகுது?"

எல்லாரும் சிரித்தார்கள். கவர்னர் மட்டும் சிரிக்காமல் கையைத் தூக்கினார். நான் மெரிலைப் பார்த்தேன்.

"பேசட்டும். பாத்திரம் துடைச்சாருல்ல" என்றான்.

இந்த முறை எல்லாக் கையும் உயர்ந்தது. கவர்னர் தாளை எடுக்கவில்லை.

"பணத்த வெட்டுனது நான்தான், மெரில். அத உங்க முகத்தப் பாத்துச் சொல்லத்தான் வந்தேன். புதுப் பாலத்துக்கு இந்த வருஷம் காசு கெடையாது. ஆனா நெடுஞ்சாலைத் துறை கிடங்குல ஒரு தற்காலிக இரும்புப் பாலம் சும்மா கெடக்கு. பாக்கச் சகிக்காது. நீங்க கூரைப் பாலம் கேட்டதால யாரும் அத யோசிக்கல. நானும் யோசிக்கல. கரைய நீங்க கட்டுங்க, பாலத்த நான் அனுப்புறேன்."

பனி உருகிச் சேறு காய்ந்ததும் ஊரே ஆற்றில் இறங்கிக் கரை கட்டியது. பாலம் வந்தது. உண்மையிலேயே பார்க்கச் சகிக்கவில்லை. அதன்மேல் பால் லாரி கடகடவென்று போன முதல் காலையில் நான் அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம்?

நவம்பர் தேர்தலில் ஹிராம் தோற்றார். பட்ஜெட்டை வெட்டிய கைக்கு எந்த ஊரில் ஓட்டு விழும்? எங்கள் ஊரில் விழுந்தது. அடுத்த மார்ச்சில் தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து, அதே கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நன்றியாக இரண்டு வார்த்தை பேசலாமா என்று கேட்டார். வழக்கப்படி, ஆட்சேபணை உண்டா என்றேன்.

மெரில் எழுந்தான்.

"எனக்கு இருக்கு."

எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

"வெளியாளுக்குத்தான் அனுமதி கேப்போம். இவருக்கு எதுக்குக் கேக்குற?"

நான் கை தூக்கச் சொல்லவில்லை. ஹிராம் எழுந்து நின்றார். பேசத்தான் முடியவில்லை.