மூன்று துண்டு

டீச்சருக்கு வந்த புற்றுநோய் ஜெபத்தால் ஓடியே போய்விட்டதென்று ஊரே கொண்டாடிக்கொண்டிருந்தது. மார்பில் இருந்த கட்டியைச் சோதித்து நோய் என்றார்கள். ஒன்பது நாள் ஜெபம் நடந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் மறுபடி சோதித்தால் நோயின் சுவடே இல்லை. இதற்குமேல் என்ன வேண்டும்? ஆனால் திருச்சபை லேசில் தலையாட்டிவிடாது. தீர விசாரிக்க ஒரு ஃபாதரை அனுப்பியது. குருமடத்தில் தத்துவப் பாடம் எடுப்பவர். அறிவும் விசுவாசமும் ஒரே கடவுள் கொடுத்ததுதான், ஒன்றைப் பார்த்து மற்றது பயப்பட வேண்டியதில்லை என்று லேப்புக்குள் நுழையும்போதே சொல்லிவிட்டார்.

பழைய ஸ்லைடுகளை எடுத்துக் கொடுக்கும் வேலை தராசிடம் வந்தது. லேப்பில் அவளுக்கு அதுதான் பட்டப்பேர். இருபது வருஷத்தில் ஒரு பிசகு கிடையாது. டீச்சருக்குச் சோதனை நடந்த அதே நாளில் அவளுடைய சொந்த அக்காவின் கட்டியிலிருந்தும் சதை எடுத்திருந்தார்கள். அக்காவுடையதை வேறு யாரும் தொடக்கூடாதென்று அடம்பிடித்து, இவளே ஸ்லைடு தயாரித்து, இவளே பேர் ஒட்டினாள். நோய் இல்லையென்று ரிப்போர்ட் வந்தது. பத்தே மாதத்தில் கட்டி முற்றி அக்கா போய்ச் சேர்ந்தாள். ஏன் என்று கேட்காதே, எல்லாம் அவர் சித்தம் என்றார்கள். இந்தப் பாவியும் கேட்கவில்லை.

இப்போது பதிவேட்டைப் புரட்டினாள். டீச்சருக்கு ஒரு துண்டு சதை, அக்காவுக்கு மூன்று. மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். டீச்சர் பேர் ஒட்டிய ஸ்லைடில் மூன்று துண்டு இருந்தது. அக்கா பேரில் ஒன்றுதான். திரும்பத் திரும்ப எண்ணினாள். மூன்று வரைக்கும் எண்ணத் தெரியாதா என்ன? இரண்டு ஸ்லைடிலும் பேர் அவள் கையெழுத்தில்தான் இருந்தது.

வாயை மூடிக்கொண்டால் போதும், ஊருக்கு அற்புதம், இவளுக்கு நல்ல பேர். வேறு விளக்கம் ஏதாவது உண்டா என்று ஃபாதர் கேட்டார்.

“உண்டு ஃபாதர். நான்தான்.”

எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஃபாதர் நியாயமான மனுஷர். முகம் கறுத்தாலும் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். உண்மை எதுவானாலும் அது கடவுளிடமிருந்து வருவதுதான் என்று ஆறுதலும் சொன்னார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அக்கா ரிப்போர்ட் வந்த அன்னிக்கு முழங்கால் போட்டு நன்றி சொன்னேன் ஃபாதர். கேட்டுக்கிட்டுதானே இருந்தாரு? அப்போ ஏன் அவர்கிட்டேருந்து இந்த உண்மை வரல?”

ஃபாதர் பேனாவை அவளிடம் நீட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார்.