தாழ்ப்பாளில் வைத்த கை

தம்பிக்கு ஏதாவது வேண்டுமென்றால் வீட்டுக்கு விருந்தாளி வரும்வரை காத்திருப்பான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து அக்காவின் அருகில் வந்து, உன் சைக்கிளைத் தருகிறாயா என்று குழைவான். வந்தவர்கள் முன்னால் அவளால் மறுக்க முடியாது. அப்படிப் போன சைக்கிள் கைப்பிடி வளைந்து திரும்பி வந்தது.

இப்போது அவன் சினிமா இயக்குநர். அக்கா எடிட்டர். அவனுடைய முதல் படத்தை ஆள் பார்க்கிற மாதிரி ஆக்கியவள் அவள்தான்.

அந்தப் படத்தின் முடிவு எல்லோருக்கும் தெரியும். பல வருஷம் காணாமல்போன கணவன் ஒரு மழைநாளில் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். உள்ளேயிருந்து மனைவி வந்து தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். திரை இருண்டுவிடுகிறது. திறந்தாளா, இல்லையா? பார்த்துவிட்டு வந்த தம்பதிகள் சிலர் வீடு போய்ச் சேரும்வரை பேசிக்கொள்ளவில்லை. பேசியவர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

தம்பி எடுத்து வந்தது வேறு. கதவு திறக்கும். கணவன் தடாலென்று காலில் விழுவான். மனைவி அவன் தலையைத் தடவுவாள். அக்கம்பக்கத்தார் கைதட்டுவார்கள். கடைசியில் ஒரு நாய் வாலாட்டும். அக்காவால் நாய்வரை பொறுக்க முடியவில்லை. கை தாழ்ப்பாளில் பட்ட இடத்தில் வெட்டினாள். தம்பி அம்மாவிடம் போய் அழுதான், சாப்பிடாமல் கிடந்தான். பிறகு பரிசுகள் வர ஆரம்பித்ததும் பசி வந்துவிட்டது. பேட்டிக்குப் பேட்டி ஒரே பாட்டு: கை தாழ்ப்பாளைத் தொட்டதும் கேமராவை அணைத்துவிட்டேன், அதற்கு மேல் ஒரு நொடிகூடப் படம் பிடிக்கவில்லை. கேட்டவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அக்கா மறுத்துப் பேசவில்லை. கை அங்கேயே நிற்கிறதல்லவா, அது போதும். தான் செய்த காரியங்களில் நினைத்துப் பார்க்கக் கூசாதது அவளுக்கு அது ஒன்றுதான்.

இப்போது இரண்டாம் பாகம் வந்து அவள் மேசையில் விழுந்திருந்தது. அதே கணவனும் மனைவியும் பேக்கரி வைத்திருக்கிறார்கள். இரட்டைப் பிள்ளைகள். கடையைப் பிடுங்க ஒரு வில்லன். மாவு மூட்டைகள் வெடித்துச் சிதற ஒரு சண்டை. முதல் படத்தில் வாயே திறக்காத மனைவி இதில் மூச்சுவிடாமல் தத்துவம் பேசுகிறாள். அதில் மழை சும்மா பெய்தது. இதில் மழை பெய்தால், அன்றைக்குப் பெய்த மாதிரியே பெய்கிறது என்று சொல்வதற்கென்றே ஒரு ஆள் குடையோடு நிற்கிறார்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். மோசமான படத்தால் யாருக்கும் கேடில்லை. வந்த சுவடு தெரியாமல் போய்விடும். ஆனால் தம்பி, படத்தின் தொடக்கத்துக்கு அந்தக் கதவு திறக்கும் காட்சியைக் கேட்டான். நடிகைக்கு வயது கூடிவிட்டதால் மறுபடி எடுக்க முடியாது. இருந்த ஒரே பிரதி அக்காவின் ஹார்ட் டிஸ்கில், 'குப்பை' என்று அவள் பெயர் வைத்த ஃபோல்டரில் கிடந்தது. அது வெளியே வந்தால் முதல் படம் செத்தது. அந்தக் கையைப் பார்த்து இனி யாரும் மூச்சைப் பிடித்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்து நாய் வரும் என்று தெரிந்திருக்கும்.

தம்பி இரண்டு தடவை போனில் கேட்டான். தேடிப் பார்க்கிறேன் என்று தட்டிக்கழித்தாள். மூன்றாவது தடவை விருந்தாளியோடு வந்து நின்றான்.

வந்தவர் தயாரிப்பாளர், சிமெண்ட் வியாபாரி. ஜன்னலில்லாத அந்த எடிட்டிங் அறையில், ஏசி சொட்டுவதற்கு வைத்திருந்த பெயிண்ட் டப்பாவைத் தாண்டி, ஸ்பிரிங் குத்தும் சோபாவில் மரியாதையாக உட்கார்ந்தார். அந்தக் கையைப் பார்த்துவிட்டுத்தான் படமெடுக்கவே வந்ததாகச் சொன்னார்.

"எங்க வீட்ல இன்னமும் அதே பேச்சுதாம்மா. என் சம்சாரம், நானா இருந்தா திறக்கவே மாட்டேங்கறா. என்னைப் பார்த்துக்கிட்டே சொல்றா."

தம்பி குரலில் சர்க்கரையைக் கரைத்தான். "அக்கா, அந்த மிச்ச ஷாட்டை சாருக்குக் கொஞ்சம் போட்டுக் காட்டேன்."

"எந்த மிச்சம்?"

"அதான், கை வச்சதுக்கு அப்புறம்…"

"அதுக்கப்புறம் எதுடா? நீதான் கேமராவை அணைச்சிட்டியே."

டப்பாவில் ஒரு சொட்டு விழுந்தது. சிமெண்ட்காரர் தம்பியை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். "அதுக்கு மேல ஒரு நொடிகூட எடுக்கலன்னு சொன்னீங்களே, தம்பி. அதை நம்பித்தான் நான் உங்ககிட்ட வந்தேன்."

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் கீபோர்டில் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். பரிசுகள், பேட்டிகள், சிமெண்ட் எல்லாவற்றையும் மனதுக்குள் ஒருமுறை எண்ணிப் பார்த்தான்.

"எடுக்கல சார்," என்றான். "வேற ஏதோ ஞாபகத்துல கேட்டுட்டேன்."

சிமெண்ட்காரருக்கு மூச்சு வந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. "அப்போ ரெண்டாம் பாகத்துல இந்த ஆள் வீட்டுக்குள்ள இருக்காரே, எப்படி வந்தார்?"

"ஜன்னல் வழியா வந்திருப்பார்," என்றாள் அக்கா.

அவர்கள் போனபின் 'குப்பை'யைத் திறந்து அந்தக் காட்சியை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். நினைவில் இருந்ததைவிட மட்டமாக இருந்தது. அதில் நடிக்கத் தெரிந்தது நாய் மட்டும்தான். நிச்சயமாக அழிக்கவா என்று கணினி கேட்டது. அவளுக்கு அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. அழித்தாள்.

மாவு மூட்டைகள் வெடிக்கும் சண்டைக்குத் திரும்பியபோது போன் அடித்தது. தம்பி. கோபமாக இருப்பான் என்று எடுத்தாள். குரலில் உற்சாகம் வழிந்தது.

"அக்கா, அந்த ஜன்னல் ஐடியா சாருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. நாளைக்கே எடுக்கறோம். கதவு அப்படியே இருக்கட்டும், இவன் ஜன்னல்ல ஏறிக் குதிக்கிறான். எப்படி?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தாழ்ப்பாளில் அந்தக் கை அசையாமல் இருந்தது.

"நல்லா இருக்குடா," என்றாள். "நாயை மறந்துடாதே."